பதில்: சலவைத் தண்ணீர் ஊற்றிய வேப்பங்கன்றுகள் கருகுவது ஏன்?

வணக்கம் அண்ணா. ஜெலுத்தோங் வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரைப் பாலிபேக் வேப்பங்கன்றுகளுக்கு ஊற்றுகிறீர்கள், இலை ஓரம் கருகுகிறது, மண் ஈரமாக இருந்தும் மதியம் வாடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மண்மேல் வெள்ளைப் படிவு வேறு. இது பெரும்பாலும் உப்புதான், நோய் இல்லை. சவர்க்காரத் தூளில் சோடியம் உப்புகள் அதிகம். மண்நீரில் உப்பு ஏறினால் வேரால் நீரை இழுக்க முடியாது. அதனால்தான் ஈரத்திலேயே வாடுகிறது. வாடுகிறதே என்று அதே தண்ணீரை இன்னும் ஊற்றாதீர்கள், நிலைமை மோசமாகும்.

முதலில் வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். 3 லிட்டர் பைக்கு 6 லிட்டர் மழைநீரை மூன்று தவணையாக மெதுவாக ஊற்றி, அடியில் முழுதும் வடிய விடுங்கள். தட்டில் தேங்கினால் உப்பு திரும்ப ஏறும். பையின் துளைகள் அடைத்திருந்தால் இந்த வேலையே வீண், அதை முன்னதாகப் பாருங்கள். பிறகு இரண்டு வாரம் நிழல்வலைக்கு அடியில் வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரம் வேண்டாம், உரமும் உப்புதான்.

இனிமேல் முதல் சலவை நீரைச் சாக்கடைக்கு விட்டு, கடைசி அலசல் நீரை மட்டும் பிடியுங்கள். ப்ளீச், போராக்ஸ் கலந்த நாளில் அதுவும் கூடாது. 24 மணி நேரத்துக்குமேல் சேமித்தால் நாறும். ஈசி மீட்டர் (நீரில் உப்பு எவ்வளவு என்று மின்கடத்துதிறனை வைத்துக் காட்டும் கருவி) இருந்தால் அளந்து பாருங்கள்: 0.7 mS/cm-க்குள் கவலையில்லை, 3 mS/cm-ஐத் தாண்டினால் ஊற்றவே வேண்டாம். மூன்று முறைக்கு ஒருமுறை மழைநீர். இலையில் படாமல், காலையில், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் படம் போடுங்கள் அண்ணா. அது காரத்தன்மையால் வரும் இரும்புக் குறை, மருந்து வேறு.