வைனில் கொய்யாப்பழ வாசம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து வைன் பற்றியவை. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஹோட்டல்கள் பெருகிய பிறகு, இந்தப் பொருளோடு அன்றாடம் வேலை செய்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த போத்தல்கள் அலுமாரியில் கிடக்கும் வீடுகளும் உண்டு. குடிப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். காசு கொடுக்கிற பொருளைத் தெரிந்து வாங்க வேண்டும், தெரிந்து விற்க வேண்டும். என் அக்கறை அதுதான்.

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் சாப்பாட்டு மேசைக்குப் பரிமாறுகிறேன். நான் மதுவைத் தொடுவதில்லை. ஆனால் விருந்தினர்கள் "இந்த வைன் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். பட்டியலில் உள்ளதை மனப்பாடமாகச் சொல்கிறேன். கூஸ்பெரி, பிளாக்கரன்ட் எல்லாம் நான் கண்ணால் கண்டதே இல்லை. குடிக்காமலே விளங்கிக்கொள்ள வழி இருக்கிறதா? (ஒரு வாசகர், ஏறாவூர்)

பதில்: இருக்கிறது தம்பி. இந்த வேலையில் பெரும் பங்கு மூக்குக்குத்தான். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, உமாமி என்கிற இறைச்சிச் சாற்றுச் சுவை, அவ்வளவே. சந்தேகம் என்றால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் போட்ட தொதல் துண்டு ஒன்றை வாயில் போடுங்கள். வெறும் இனிப்பு மட்டும்தான் தெரியும். கையை எடுத்த அடுத்த கணம் ஏலம் குப்பென்று வரும். தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகிற அந்த வாசத்தைத்தான் நாம் ருசி என்கிறோம்.

கூஸ்பெரி, பிளாக்கரன்ட் எல்லாம் ஐரோப்பியர் தங்கள் வீட்டுத் தோட்டத்துப் பழங்களை வைத்துச் சொன்ன ஒப்பீடுகள். உங்கள் தோட்டத்தை வைத்து நீங்கள் சொல்லுங்கள். 'சொவின்யோன் பிளான்' என்ற வெள்ளை வைனை, அதிலும் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வருவதை, ஒரு கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மெல்லச் சுழற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள். நன்கு பழுத்த கொய்யாப்பழத்தை வெட்டிய வாசம், கூடவே பேஷன் புரூட். இது கற்பனை இல்லை. தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் அந்தப் பழங்களிலும் இருக்கின்றன, அந்த வைனிலும் இருக்கின்றன. கொய்யாவை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

'சிராஸ்' என்ற சிவப்பு வைனில் மிளகு மணக்கும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற சேர்மத்தை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து அறிவித்தார்கள். அம்மியில் தட்டிய கறுப்பு மிளகின் வாசத்துக்கும் அதே சேர்மம்தான் காரணம். 'கபர்னே சொவின்யோன்' சிலவற்றில் பச்சைக் கறிமிளகாயை நறுக்கும்போது எழும் வாசம் வரும். 'கெவூர்ஸ்திரமீனர்' (பெயர்தான் வாயில் நுழையாது) ரோஜாவும் லைச்சியும் கலந்த மாதிரி. லைச்சி தெரியாவிட்டால் றம்புட்டானை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட வரும். ஓக் மரப் பீப்பாயில் வைத்த வைன்களில் வனிலா, கராம்பு, சிலவேளை தேங்காய். தேங்காய் வாசம் அமெரிக்க ஓக்கில் தூக்கலாக இருக்கும். கராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினோல் ஓக் மரத்திலிருந்தும் வைனுக்குள் இறங்குகிறது.

பிளாக்கரன்டுக்கு நம்மிடம் நேரான பழம் இல்லை. நாவற்பழம் என்று சொல்லலாம் போலத் தோன்றும், நிறமும் கயர்ப்பும் ஒத்துப்போகும், ஆனால் வாசம் வேறு. அப்படி இருக்கும்போது "கறுப்புப் பழ வாசம்" என்று நிறுத்திக்கொள்வது நேர்மை.

அப்புறம் அந்தக் கயர்ப்பு. சிவப்பு வைன் பற்றிக் கேட்கிறவர்கள் இதைத்தான் அதிகம் கேட்பார்கள். மரமுந்திரிகைப் பழத்தைக் கடித்த அனுபவம் உங்களுக்கு இல்லாமல் இருக்காது. முதலில் சாறு ஓடி இனிக்கும். அடுத்து நாக்கும் உள்கன்னமும் இழுத்துப் பிடித்து, துணியால் துடைத்தாற்போல் வறண்டுவிடும். தனின் என்ற பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. அளவுக்கு மீறி ஊறவிட்ட பிளேன்டீயிலும் இதே கதைதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் தனின் இருக்கிறது. சிவப்பு வைனைத் தோலோடு புளிக்கவிடுவதால் அதில் கூட, வெள்ளையில் குறைவு. "ஸ்ட்ரோங் பிளேன்டீ போல வாயை இழுக்கும்" என்று நீங்கள் சொன்னால், இலங்கைக்கு வந்த எந்த விருந்தினருக்கும் விளங்கும்.

1980களில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை வைன் நறுமணச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். உள்வட்டத்தில் பழம், பூ, வாசனைத் திரவியம், மரம், மண் என்று பொதுவான சொற்கள். வெளியே போகப் போக எந்தப் பழம், எந்தப் பூ என்று நுணுகும். அதே ஒழுங்கில் பழகுங்கள். ஹோட்டல் சமையலறையில் மிளகு, கராம்பு, கறுவா, வெட்டிய கொய்யா, எலுமிச்சைத் தோல் என்று ஐந்தாறு கிளாஸ்களில் போட்டு மூடி வையுங்கள். ஒன்றை மோந்து, உடனே வைனை மோந்து பாருங்கள். வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் போதும். ஒரு சொட்டும் நாக்கில் படத் தேவையில்லை.

இன்னொன்று: 'டிரை' என்றால் இனிப்பில்லாதது. பழ வாசம் எவ்வளவு இருந்தாலும் டிரை வைன் இனிக்காது. விருந்தினர் ஏமாறுவது அதிகமும் இதில்தான், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சுவிஸிலிருந்து வந்த மாமா தந்த போத்தலில் பிளாக்பெரி, சொக்லட், வனிலா என்று எழுதியிருக்கிறது. இவற்றின் எசன்ஸ் கலந்திருக்கிறார்களா? (கல்லடி)

பதில்: இல்லை. போத்தலின் பின்பக்கம் எழுதியிருப்பது வாசத்துக்கான ஒப்பீடு. சாதாரண வைன் என்றால் உள்ளே இருப்பது புளித்த திராட்சைச் சாறு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று அல்கஹோலாக மாற்றும்போது நூற்றுக்கணக்கான வாசச் சேர்மங்கள் உண்டாகின்றன. அவற்றில் பல, மற்றப் பழங்களிலும் பூக்களிலும் இருப்பவை. வனிலா பீப்பாய் மரம் தந்தது.

ஆனால் எசன்ஸ் கலந்த பானங்களும் கடைகளில் உண்டு. அவற்றில் 'பிளேவர்ட்' என்றோ 'வைன் அடிப்படையிலான பானம்' என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8க்குப் பிறகு தயாரித்த வைனுக்கு உள்ளடக்கப் பட்டியல் கட்டாயம். பலர் அதை கியூ.ஆர். குறியாகப் போடுகிறார்கள், போனில் பார்த்துக்கொள்ளலாம். 'சல்பைட் உள்ளது' என்ற வரியைக் கண்டு பயப்பட வேண்டாம், அது வைன் கெடாமல் காக்கிற பொருள். லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அங்கு அப்படி எழுதியாக வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் மட்டும் கவனம், சிலருக்குச் சல்பைட் ஒத்துக்கொள்ளாது.

திருப்பலிக்கு வைன் வாங்கித் தரும் பொறுப்பில் உள்ள ஒருவரும் இதையே கேட்டிருந்தார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 924, அது திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையான வைனாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. எசன்ஸ் கலந்தது ஆகாது.

கேள்வி: அறுகம்பையில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறேன். ஜெர்மன் வைன் ஒன்றைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணக்கிறது. கலப்படமா? திருப்பிக் கொடுக்கலாமா? (பொத்துவில்)

பதில்: போத்தலில் 'ரீஸ்லிங்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது குறையே இல்லை. அந்தத் திராட்சையில் டி.டி.என். என்ற சேர்மம் உண்டு. வெயில் நன்றாகப் பட்ட பழத்திலும், சில வருடம் போத்தலில் கிடந்த வைனிலும் அது கூடும். அந்த வாசத்தைத் தேடி விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிக்காதவரும் உண்டு, அது அவரவர் மூக்கு.

திருப்பிக் கொடுக்க வேண்டிய வாசங்கள் வேறு. மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டி மாதிரி மணந்தால், தக்கையிலிருந்து வந்த டி.சி.ஏ. என்ற கேடு. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் வைனின் பழ வாசத்தையெல்லாம் அது அமுக்கிவிடும். வினாகிரி நெடி, நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் நெடி இரண்டும் கெட்டுப்போனதன் அடையாளம். வாங்கி வந்த அன்றே திறந்து இப்படி இருந்தால், ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் தக்கையை அடைத்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். முக்கால் போத்தலைத் தீர்த்துவிட்டுப் போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கடைக்காரர் மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

நான்காவது கேடு நம் ஊருக்கே உரியது: சூடு. எனக்குப் பரிசாக வந்த ஒரு நல்ல சிவப்பு வைனை பிரிட்ஜின் மேல் வைத்திருந்தேன். கச்சான் காற்று வீசிய மூன்று மாதம் அங்கேயே இருந்தது. திறந்தபோது தக்கை அரை விரற்கடை மேலே தள்ளியிருந்தது, கழுத்தில் கசிந்து காய்ந்த கோடு. உள்ளே, அடிப்பிடித்த ஜாம் வாசம். அதற்குப் பிறகு கடையில் எந்தப் போத்தலைத் தூக்கினாலும் முதலில் தக்கையைப் பார்க்கிறேன், அடுத்து வைன் நிற்கும் மட்டத்தைப் பார்க்கிறேன். வெயில் விழும் கண்ணாடி அலுமாரியில் நிற்கிற போத்தலை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். உங்கள் கெஸ்ட் ஹவுஸில் தனி வைன் பெட்டி இல்லையென்றால், சிவப்பையும் சாதாரண பிரிட்ஜிலேயே வையுங்கள். 32 பாகை அறையில் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல். கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் சரி.

கேள்வி: கல்யாணத்துக்கு நுரைக்கும் வைன் வாங்கினோம். 'எக்ஸ்ட்ரா டிரை' என்று இருந்தது, ஆனால் இனித்தது. (தாண்டவன்வெளி)

பதில்: அந்தப் பெயர் எல்லாரையும் குழப்பும். நுரைக்கும் வைனில் 'புரூட்' என்பது லீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்த சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா டிரை' 12 முதல் 17 வரை. இனிப்பே வேண்டாம் என்றால் 'புரூட்' அல்லது 'எக்ஸ்ட்ரா புரூட்' கேளுங்கள். நல்ல இனிப்பாக வேண்டுமானால் 'டெமி செக்', 32 முதல் 50 கிராம்.

கேள்வி: விலை கூடிய வைன் ஒன்று வாங்கினேன். எழுதியிருக்கும் வாசம் ஒன்றுமே எனக்கு வரவில்லை. என் மூக்கில் பிழையா, வைனில் பிழையா? (மட்டக்களப்பு நகர்)

பதில்: இரண்டிலும் பிழை இருக்க வேண்டியதில்லை. மேலே மிளகு வாசத்தைச் சொன்னேனே, அந்த ரோட்டண்டோனை ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவரால் செறிவைக் கூட்டியும் மணக்க முடியவில்லை. ஒவ்வொரு மூக்குக்கும் இப்படி விடுபட்ட வாசங்கள் உண்டு.

எழுதியிருப்பதை வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் வைன் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் வாசமற்ற சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். படிக்கிறவர்களையே கண் இழுத்துப் போகிறது என்றால், லேபிளைப் படித்துவிட்டு மோந்து பார்க்கிற நமக்குச் சொல்லவே வேண்டாம். விலை கூட என்பதற்காக வாசமும் கூட இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். விலையில் இறக்குமதி வரியும் பெயரும் பீப்பாய்ச் செலவும் சேர்ந்திருக்கின்றன.

என் சந்தேகம் வேறு. நீங்கள் அதை பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, கிளாஸ் நிறைய ஊற்றியிருப்பீர்கள். குளிரில் வாசம் எழாது, நிறைந்த கிளாஸில் அது சேர்ந்து நிற்க இடமும் இல்லை. மிச்சத்தை நன்றாக மூடி பிரிட்ஜில் வைத்திருந்தால் மூன்று நாளைக்குத் தாங்கும். கொஞ்சமாக ஊற்றி, வெள்ளை என்றால் கால் மணி நேரம், சிவப்பு என்றால் அரை மணி நேரம் மேசையில் வைத்து, லேபிளை மறுபக்கம் திருப்பிவிட்டு மோந்து பாருங்கள். என்ன வாசம் வந்தது என்று எழுதுங்கள்.