ஜாம் போத்தல் விளக்கு

போர் நடந்த ஊரில் வளர்ந்தவர்களின் வீட்டு வாழ்க்கை எப்படி இருந்தது, எது இன்றும் நினைவில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் வளர்ந்தவன். 1990 ஜூனில் இலங்கை இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. அந்த வருடம் நின்ற மின்சாரம், 1995இல் நாங்கள் ஊரை விட்டு வெளியேறும்வரை வரவேயில்லை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் தடை. மண்ணெண்ணெய் கொஞ்சம் வரும், ஆனால் விலையைக் கேட்டாலே அம்மா பேசாமல் திரும்பிவிடுவார்.

அதனால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது விளக்குத்தான். வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும். பழைய சைக்கிள் ரியூப்பில் கழற்றிய வால்வுக்குள் திரியை நுழைத்து, கம்பியில் கொளுவி உள்ளே இறக்குவார் அப்பா. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றுக்கு அணையாது. அம்மா மருந்துப் போத்தல் மூடியால் அளந்துதான் எண்ணெய் விடுவார். எங்கள் வீட்டில் இரவில் ஒரு விளக்குக்கு மேல் எரிந்ததில்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனால், அக்காவும் நானும் இருட்டில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்போம். விளக்கு திரும்பி வந்ததும் கொப்பியைத் திறப்போம். காலையில் புகை படிந்த போத்தலைச் சாம்பல் போட்டுத் துலக்குவது என் வேலை.

சவர்க்காரமும் கிடைக்காத காலம் அது. பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்ப்பார்கள். அழுக்குப் போகும், ஆனால் வாசம் போகாது. கொடியில் காயும் சட்டையை மாடு வந்து சப்பிவிடும். என் ஒரே வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையின் கை அப்படித்தான் போனது. அம்மா அதை வெட்டித் தைத்துத் தரும்போது கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஒரு சட்டைக்கு ஏன் அழுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

செய்தி கேட்க, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்து ரேடியோவை இயக்குவோம். ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் பிபிசி தமிழோசையும் ஓய்ந்துவிடும், பெரியவர்கள் "சுத்தடா தம்பி" என்று கத்துவார்கள்.

முற்றத்தில் பங்கர் இருந்தது, குண்டு விழும்போது பதுங்கும் குழி. 'ட' வடிவத்தில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டது. அம்மம்மாவின் பழைய சேலைகளெல்லாம் அந்த மூட்டைகளாகத்தான் போயின. சத்தத்தை வைத்தே எந்த விமானம் என்று சொல்லிவிடுவோம். கடகடவென்று வந்து குண்டு போடுவதை 'சகடை' என்போம். அது கேட்டால் விளக்கை ஊதிவிட்டு ஓட வேண்டும். மாரியில் பங்கருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். முழங்கால் வலிக்காரியான அம்மம்மாவை இறக்க முடியாது. அதனால் அம்மா அவருடன் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். நாங்கள் கீழே, அம்மா மேலே. விமானம் போகும்வரை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அவர் பதில் சொல்வார். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் பகுதியான வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழி வழியாகப் போன அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கொட்டும் மழை. குடையை மலர்த்திப் பிடித்து அந்தத் தண்ணீரைக் குடித்தோம். அம்மம்மாவை சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார். ஓரடி வைத்தால் பத்து நிமிடம் நிற்க வேண்டும். விடிந்தும் நடந்துகொண்டே இருந்தோம்.

கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் விறாந்தையைத் தந்தது. அந்த அம்மா தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்து, "வேறென்ன வேணும், கூச்சப்படாமல் கேளுங்கோ" என்றார். வெறும் ஜாம் போத்தல் ஒன்று இருக்குமா என்று கேட்டார் அம்மா.

ஆறு மாதம் அந்த விறாந்தையில் இருந்தோம். 1996இல் கொக்குவிலுக்குத் திரும்பியபோது அம்மம்மா எங்களுடன் இல்லை. வீட்டுக் கூரையில் பாதி போயிருந்தது. பங்கர் இடிந்து விழுந்து, அதன் மேல் புல் முளைத்திருந்தது. மூட்டை ஒன்றில் அவருடைய நீலச் சேலையின் கரை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது.