காய்ச்சல் பரவும் ஊரில் மன்றம் எந்தத் தீர்மானம் போடலாம்?

கேள்வி: தென் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் தலைவராக இருக்கிறேன். ஒரு மாதமாக ஊரில் காய்ச்சல். பலருக்கு டெங்கு என்று உறுதியாகிவிட்டது, ஒரு குழந்தை மதுரையில் தீவிர சிகிச்சையில் இருக்கிறது. மக்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் ஐந்து தீர்மானங்கள் வேண்டும் என்கிறார்கள். காய்ச்சல் வந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது, நோயாளிகளின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, முகாமுக்கு வந்து ரத்தப் பரிசோதனை செய்யாத குடும்பத்துக்கு ரேஷனை நிறுத்துவது, செங்கல் சூளையில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களை ஊருக்குள் விடாமல் தடுப்பது, கொசுப்புழு இருக்கும் வீட்டுக்கு அபராதம் போடுவது. இதில் எது செல்லும்? யாராவது வழக்குப் போட்டால் என்ன ஆகும்?

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐந்தில் கடைசி ஒன்று மட்டும்தான் நிற்கும், அதுவும் சில திருத்தங்களோடு. மற்ற நான்கையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள். வழக்கு வரும் என்ற பயத்தில் மட்டும் சொல்லவில்லை, அந்த நான்கும் உங்கள் ஊரில் ஒரு கொசுவைக்கூடக் குறைக்காது என்பதால் சொல்கிறேன்.

உறுப்பினர்கள் யாராவது, "இது அவசர காலம், உரிமையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருப்பார்கள். கொரோனா நாட்களில் இதைப் பெரிய பெரிய அதிகாரிகளே சொன்னார்கள். அது தவறு. அரசமைப்பின் 352-ஆவது பிரிவில் வரும் நெருக்கடி நிலையை அறிவிக்கப் போர், வெளிநாட்டுத் தாக்குதல், ஆயுதக் கிளர்ச்சி என்று மூன்றே காரணங்கள்தான் உண்டு. நோய் அதில் இல்லை. நாடு முழுக்கப் பூட்டிக் கிடந்த 2020-இல்கூட அந்த நெருக்கடி நிலை அறிவிக்கப்படவில்லை. அப்படியே அறிவித்தாலும் உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய 21-ஆவது பிரிவை நிறுத்தி வைக்க முடியாதபடி 1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்துவிட்டார்கள்.

இதற்கு உங்கள் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. மதுரை சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில், கைதானவர் மீது சட்டம் சொன்ன நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை. அப்படியானால் ஜாமீன் அவருடைய உரிமை. ஊரடங்கைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் மறுத்தது. 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, ஊரடங்கு இந்த உரிமையைப் பறிக்காது என்று சொல்லி ஜாமீன் கொடுத்தது. அதே ஜூன் 19 மாலையில்தான் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடிப்போன மகனையும் பிடித்து வைத்தார்கள். நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். கடை மூடும் நேரம் என்பது காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு சாதாரணமான விதி! ஒரு விதியை எழுதும்போது, மீறினால் யார் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நான் எல்லா மன்றத் தலைவர்களிடமும் கெஞ்சுவதற்குக் காரணம் அதுதான்.

சரி, கட்டுப்பாடே போடக் கூடாதா? போடலாம். நடமாடும் உரிமை, தொழில் செய்யும் உரிமை இவற்றின் மீது பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19-ஆவது பிரிவே இடம் தருகிறது. மத உரிமையைத் தரும் 25-ஆவது பிரிவும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. எது நியாயம் என்பதற்கான அளவுகோலை 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தந்தது. நான் அதை வீட்டு மொழியில் மூன்று கேள்வியாகக் கேட்பேன்: இதைச் செய்ய எந்தச் சட்டம் எனக்கு அதிகாரம் தருகிறது? செய்வதற்கு நியாயமான தேவை இருக்கிறதா, செய்தால் அந்தத் தேவை உண்மையிலேயே நிறைவேறுமா? இதைவிடக் குறைவாக ஆளைத் தொந்தரவு செய்யும் வழி இருக்கிறதா? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

வாசலில் நோட்டீஸ். டெங்கு ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றுவதில்லை, ஏடிஸ் கொசு கடித்துத்தான் பரவுகிறது, அந்தக் கொசு நோட்டீஸைப் படிக்கப் போவதில்லை. இரண்டாவது கேள்வியிலேயே தீர்மானம் விழுந்துவிட்டது. ஆளுக்கு ஆள் தொற்றும் கொரோனாவிலேயே இது நிற்கவில்லை என்பதையும் உறுப்பினர்களிடம் சொல்லுங்கள். 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் தகுந்த அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய, நோயாளியின் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டக் கூடாது என்றது. போஸ்டர் ஒட்டிய வீட்டாரை மற்றவர்கள் தீண்டத்தகாதவர்கள் போல நடத்துகிறார்கள் என்று விசாரணையின்போதே நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரியும். 2020-இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு லேசான காய்ச்சல்தான், பத்து நாளில் தேறிவிட்டார், ஆனால் பால்காரர் அதன்பிறகும் இரண்டு மாதம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த ஒரு பெரியவர் தகரத்துக்குப் பயந்து, காய்ச்சலை மறைத்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். மூச்சு முட்டிய பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், பிழைக்கவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டைத் தாண்டும்போது மனசு கனக்கிறது.

நோயாளியை அடையாளம் போட்டுக் காட்டினால் அடுத்த நோயாளி ஒளிந்துகொள்வார். 1897-இல் பம்பாய் மாகாணத்து பிளேக்கின்போது தொற்றுநோய்கள் சட்டத்தை அவசரமாகக் கொண்டுவந்தார்கள், புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள், பெண்களிடம்கூட முறைகேடாக நடந்துகொண்டதாகக் குமுறல் எழுந்தது, ஜனங்கள் நோயாளிகளை மறைத்தார்கள். அந்த வருடம் ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். உரிமையை மதிப்பதும் நோயைக் கண்டுபிடிப்பதும் எதிரெதிர் வேலைகள் இல்லை. மதித்தால்தான் ஜனங்கள் தாமாக வந்து சொல்வார்கள்.

வாட்ஸ்அப் பட்டியலுக்கும் இதே பதில்தான். டெங்கு உறுதியானவர்களின் விவரம் சுகாதார ஆய்வாளருக்கும் கொசு ஒழிப்புப் பணியாளருக்கும் கட்டாயம் போக வேண்டும், அந்த வீட்டைச் சுற்றி உடனே மருந்து அடிக்க வேண்டும் அல்லவா! ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தப் பெயர் தேவையில்லை. "12-ஆவது வார்டில் ஆறு பேருக்கு டெங்கு, தொட்டிகளைக் கழுவுங்கள்" என்று போட்டால் போதும். பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம். மன்ற உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் குழுக்களில் போடுவதையும் தடுத்துச் சொல்லிவிடுங்கள்.

ரேஷனை நிறுத்துவது எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம். முதலில் அது உங்கள் அதிகாரமே இல்லை. ரேஷன் அட்டை உணவுப் பொருள் வழங்கல் துறையிடம் இருக்கிறது, அரிசி பெறும் உரிமை 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பேரூராட்சி மன்றம் அதைத் தொட முடியாது. அடுத்து, ரத்தம் எடுப்பது உடம்பு சம்பந்தப்பட்டது, சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, பட்டினி போட்டு வாங்குவது சம்மதம் ஆகாது. 2021 கடைசியில் தடுப்பூசி போடாதவர்களைப் பொது இடங்களில் விடக் கூடாது என்று தமிழ்நாட்டிலும் உத்தரவு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி உத்தரவுகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியல் வழக்கில் நீதிபதிகள் நாகேஸ்வர ராவும் பி.ஆர். கவாயும் தந்த தீர்ப்பை மன்றத்தில் வாசித்தே காட்டலாம். யாரையும் தடுப்பூசி போடும்படி கட்டாயப்படுத்த முடியாது, உடல் மீதான உரிமை 21-ஆவது பிரிவில் அடங்கும் என்றார்கள். அதே மூச்சில், சமுதாயத்தின் ஆரோக்கியத்துக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் புட்டசாமி அளவுகோலுக்குள் நிற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். போடாதவர்களால்தான் கூடுதலாகப் பரவுகிறது என்பதற்கு அரசுகள் ஆதாரம் வைக்கவில்லை. அதனால் அப்போதைய நிலையில் அந்தத் தடைகள் அளவுக்கு மீறியவை என்றார்கள். அரசின் தடுப்பூசிக் கொள்கையைத் தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை, இதைச் சிலர் திரித்துப் பேசுகிறார்கள். தீர்ப்பிலிருந்து உங்களுக்கு வேண்டிய பாடம் ஆதாரம் பற்றியது. தீர்மானத்தோடு மருத்துவ அலுவலரின் எழுத்துக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். முகாமுக்கு ஆள் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலை பத்து மணி முகாமுக்கு எப்படி வருவார்கள்? மாலை ஆறு மணிக்கு வையுங்கள், தெருமுனையில் வையுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் விஷயத்தில் சட்டத்தில் சந்தேகமே இல்லை. இந்தியாவுக்குள் எங்கும் போகவும் தங்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. பிறந்த இடத்தை வைத்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் ஊர்க்காரர் வெளியில் நடமாடலாம், அவர்கள் கூடாது என்று தீர்மானம் போட்டால் அன்றைக்கே தடையாணை வாங்கிவிடலாம். 2020 ஜூன் 9 அன்று உச்ச நீதிமன்றம், ஊருக்கு நடந்தே கிளம்பிய தொழிலாளர்கள் மீது ஊரடங்கை மீறியதாகப் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதைப் பரிசீலிக்கச் சொன்னது, இதையும் நினைவில் வையுங்கள். ஆனால் சூளையை நீங்கள் சும்மா விட்டுவிடக் கூடாது. அங்கே தண்ணீர்த் தொட்டி எப்படி இருக்கிறது, எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, கொசுவலை இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றைச் செய்துதர வேண்டியது முதலாளி, நோட்டீஸ் அவருக்குப் போகட்டும். தொழிலாளர்களுக்கான அறிவிப்பு இந்தியில் இருக்கட்டும், காய்ச்சல் கண்டால் கூலி பிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும், அதற்கும் முதலாளியிடம் பேசுங்கள்.

இப்போது அபராதம். தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939 கொசு உற்பத்தியாகும் இடங்களைச் சரிசெய்ய நோட்டீஸ் கொடுக்க இடம் தருகிறது, கேட்காவிட்டால் நடவடிக்கையும் உண்டு. எனவே முதல் கேள்வியைத் தாண்டிவிட்டோம். இரண்டாவதையும் தாண்டிவிட்டோம், ஏனென்றால் முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து நாள் ஆகிறது, வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். மூன்றாவதில்தான் சிக்கல். உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது? ஐந்து நாளுக்கு ஒரு முறை என்றால், குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்காமல் ஏழை வீடுகள் என்ன செய்யும்? தண்ணீர் தரவேண்டிய பேரூராட்சியே அதைச் சேமித்ததற்கு அபராதம் போடுவது நியாயமாக இருக்காது, நீதிமன்றத்தில் முதல் கேள்வியே இதுதான் வரும்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டி, பேருந்து நிலையம், பள்ளி, கட்டி முடிக்காத அரசுக் கட்டடம் இவற்றைச் சுத்தம் செய்து தேதியோடு எழுதி ஒட்டுங்கள். அப்புறம் வீடுகளுக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும் டிரம்முக்குக் கட்டத் துணியும் கொடுங்கள். பணியாளர்கள் பகலில் மட்டும் போகட்டும், அடையாள அட்டையோடு, பெண் பணியாளர் ஒருவரோடு, வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போகட்டும். புழு இருந்தால் முதல் முறை எழுத்தில் நோட்டீஸும் சரிசெய்ய நாளும். இரண்டாம் முறையும் இருந்தால் அபராதம், அதற்கு ரசீது, யாரிடம் மேல்முறையீடு என்ற விவரம். டயர்க் கடை, கட்டுமான இடம், திருமண மண்டபம் இவற்றுக்கு முதல் முறையே கடுமையாக இருக்கலாம், அவர்களுக்கு வசதி இருக்கிறது. தொகை எவ்வளவு என்று மன்றம் தானாக முடிவு செய்யக் கூடாது. செயல் அலுவலரிடமும் சுகாதாரத் துறையிடமும் கேட்டு, விதியில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

தீர்மானத்தில் கட்டாயம் ஒரு முடிவுத் தேதி போடுங்கள். முப்பது நாள் என்று வைத்து, நீட்டிக்க வேண்டுமானால் அந்த வாரத்து எண்ணிக்கையோடு மறுபடி மன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். கொரோனா காலத்தை வசதியாகப் பிடித்துக்கொண்டவர்களை நாம் பார்த்தோம். குஜராத் அரசு தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்து, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டாம் என்றும் அறிவித்தது. 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பெருந்தொற்றின் சுமையைத் தொழிலாளி தலையில் ஏற்ற முடியாது என்றது.

வழக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவார்கள். தீர்மானத்தில் மருத்துவ அலுவலரின் குறிப்பு, எந்தச் சட்டத்தின் கீழ் என்ற வரி, முடிவுத் தேதி, மேல்முறையீட்டு வழி இந்த நான்கும் இருந்தால் பெரும்பாலும் நீதிமன்றம் தலையிடாது. நோய்த் தடுப்பில் மன்றத்துக்குக் கை கொடுக்கவே நீதிபதிகள் விரும்புவார்கள். கூட்டத்துக்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் வரைவைக் காட்டலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள்.

அந்த நான்கு தீர்மானங்களைக் கேட்ட உறுப்பினர்களிடம் கோபப்பட வேண்டாம். அவர்களும் குழந்தை வைத்திருப்பவர்கள், பயத்தில் கேட்கிறார்கள். ஆளுக்கு இரண்டு தெரு ஒதுக்கி, பணியாளர்களோடு அவர்களும் வீடு வீடாகப் போய்த் தொட்டிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சுற்று இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கட்டும்.