ஓடும்போதே மொத்த மின்சாரமும் போய்விடும் பழைய காரில் கோளாறை எங்கே தேடுவது?

கேள்வி: என்னுடையது 1990களில் வந்த புரோட்டோன் வீரா. ஓடிக்கொண்டிருக்கும்போது இயந்திரம், டேஷ்போர்டு விளக்கு, வானொலி எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிடுகின்றன. சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பேட்டரி புதிது. பட்டறையில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். தினமும் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறேன். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆல்டர்னேட்டர் கெட்டால் கார் பெரும்பாலும் இப்படி நிற்பதில்லை. சார்ஜ் விளக்கு எரியும், முகப்பு விளக்கு மங்கும், வைப்பர் சோம்பும், பேட்டரி காலியான பிறகுதான் இயந்திரம் நிற்கும். அப்படி நின்ற கார் சற்று நேரத்தில் தானாக உயிர் பெற்று வராது. ஒரே நொடியில் போய், தானே திரும்பி வருகிறது என்றால் எங்கோ ஓர் இணைப்பு விட்டுவிட்டுத் தொடுகிறது என்று பொருள். அதை உதிரிப்பாகக் கடையில் வாங்க முடியாது, தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பணியாளர். மாலையில் உறவினர்களின் பழைய கார்களோடு மல்லுக்கட்டுவது பொழுதுபோக்கு. எந்தக் காரானாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: நின்றபோது அபாய விளக்கு மின்னியதா?

அதாவது, நான்கு சிக்னல் விளக்குகளும் சேர்ந்து மின்னும் அந்தச் சிவப்புப் பொத்தான். அடுத்த முறை கார் நின்றால், முதலில் ஓரமாக ஒதுங்குங்கள். ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும், அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஒதுங்கும்போதே அந்தப் பொத்தானை அழுத்திவிடுங்கள். பாதுகாப்புக்காக எப்படியும் செய்ய வேண்டிய காரியம் அது. சோதனையும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

அபாய விளக்குக்கு மின்சாரம் சாவியால் திருப்பும் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருவதில்லை, பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேராக வருகிறது. பின்னாலும் முன்னாலும் இருக்கும் நான்கு பல்புகளும் 21 வாட் என்றால் மொத்தம் 84 வாட், ஏறக்குறைய 7 ஆம்பியர். அது பளிச்சென்று மின்னினால் பேட்டரி, அதன் முனைகள், தடித்த வயர்கள், எர்த் (மின்சாரம் காரின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) எல்லாம் அந்த நேரத்தில் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு இக்னிஷன் சுவிட்சிலோ அதற்குப் பிறகோ இருக்கிறது. மின்னவே இல்லை, அல்லது அழுதுவடிகிறது என்றால் கோளாறு பேட்டரிக்கும் பியூஸ் பெட்டிக்கும் இடையில், அல்லது எர்த் பக்கம்.

முதல் வகை என்றால், இயந்திரத்தை ஓடவிட்டு, காரை நிறுத்திய இடத்திலேயே சாவியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பூட்டுச் சாவி என்று ஒரு கொத்தையே தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டிய காரில் சுவிட்சின் உள்தொடுமுனை தேய்ந்தும் கருகியும் இருக்கும். ஆட்டும்போது அணைந்தால் விடை கிடைத்துவிட்டது. பல கார்களில் சாவி போடும் பூட்டும் பின்னாலிருக்கும் மின்சுவிட்சும் தனித்தனி. பூட்டை அப்படியே விட்டுவிட்டு சுவிட்சை மட்டும் மாற்றலாம்.

ஆனால் நம் ஊர்ப் பழைய கார்களில் சுவிட்சைவிட நான் அதிகம் சந்தேகப்படுவது, பிற்பாடு மாட்டிய திருட்டுத் தடுப்பு அலாரத்தைத்தான். பிறை ஊரில் இருக்கும் என் மாமாவின் புரோட்டோன் சாகா கார் இதே வியாதியோடுதான் வந்தது. அவரும் பேட்டரி மாற்றி, பிறகு ஆல்டர்னேட்டரும் மாற்றியிருந்தார். அபாய விளக்கோ அமர்க்களமாக மின்னியது. ஸ்டீயரிங்கின் கீழ்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு வயர்க் காடு. இக்னிஷன் வயரை நடுவில் வெட்டி, ரிலே என்ற மின்காந்த சுவிட்சின் வழியாகச் சுற்றிவிட்டு, முறுக்கிய முனைகளில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். வெயிலில் நிறுத்தியதில் டேப்பின் பசை உருகி வழிந்து, முறுக்கு தளர்ந்து, வயர் தொட்டும் தொடாமலும் நின்றது. "தம்பி, அந்த அலாரம் கத்தியே பல வருடம் ஆகிறதே" என்றார் மாமா. கத்துவதைத்தான் நிறுத்தியிருந்தது, காரை நிறுத்தும் வேலையை விடவில்லை. ரிலேயை எடுத்துவிட்டு, வெட்டிய வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை போட்டதோடு சரியானது.

அபாய விளக்கு மின்னாத அல்லது மங்கும் இரண்டாம் வகை என்றால், வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் தேவை, மலிவானதே போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முனையில் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டினால் "எல்லாம் சரி" என்று மூடிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் கடுகளவுகூட இல்லை, அதற்கு ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். இயந்திரத்தைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே நூறு ஆம்பியருக்கு ஒரு வோல்ட் அங்கேயே தொலையும். ஆகவே சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத்தண்டின் மேலேயே வையுங்கள், அதில் வயரைப் பிடித்திருக்கும் கவ்வியின் மேல் அல்ல. சிவப்பு முனையை இயந்திரத்தின் துப்புரவான உலோகத்தில் வையுங்கள். இன்னொருவர் ஸ்டார்ட் செய்யட்டும். 0.2 அல்லது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் கோளாறு. அதேபோல் பாசிட்டிவ் தண்டிலிருந்து ஸ்டார்ட்டரில் தடித்த வயர் மாட்டிய திருகு வரை அளந்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கடற்காற்று படும் தீவில் இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் பின்னல் எர்த் வயர் உறைக்குள்ளேயே பச்சையாக அரித்துப்போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சுடுகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். எர்த் வயர் போன காரில் மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத் திரும்ப முயலும்.

பேட்டரி புதிது என்றீர்கள். புதிதாக மாற்றும்போது கவ்வியைச் சுத்தம் செய்யாமல் அப்படியே பொருத்துவது சாதாரணமாக நடக்கிறது. கையால் திருகிப் பாருங்கள், துளி அசைந்தாலும் தவறு. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பிறகு பேட்டரிக்கு அருகே இருக்கும் பியூசிபிள் லிங்க், அதாவது மின்னோட்டம் மிஞ்சினால் உருகி அறுந்து காரைக் காக்கும் முதன்மை பியூஸ். வயர் வடிவில் இருந்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள், உள்ளே உருகியிருந்தால் ரப்பர்போல நீளும். அந்த இடத்தில் சாதாரண வயரைப் போட யாரையும் விடாதீர்கள், அடுத்த முறை எரிவது காராக இருக்கும்.

பட்டறைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. இயந்திரம் ஓடும்போது முகப்பு விளக்கையும் குளிர்சாதனத்தையும் போட்டுவிட்டுப் பேட்டரித் தண்டுகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் உள்ளவர் என்றால் தடுத்துவிடுங்கள். உங்கள் வீராவில் எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் இயந்திரம் இருந்தால், அந்த நொடியில் எழும் மின்னழுத்த ஏற்றம் கணினிப் பெட்டியைப் பலி வாங்கலாம்.

கோளாறு பிடிபடும்வரை பாலத்தில் போகாதீர்கள். அது 13.5 கிலோமீட்டர், நடுவில் கடலின் மேல் நின்றால் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் அபாய விளக்கு எரியுமா என்பதே நிச்சயமில்லை. 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, ஆனால் காரைப் பட்டர்வொர்த்தில் விட்டுவிட்டு நீங்கள் ஏறிக்கொள்ளலாம்.