இங்கிலாந்துப் பொப் இசைக்குழுவான டேக் தட்டை விட்ட ஜேசன் ஒரேஞ்ச் ஏன் மறுபடி மேடை ஏறவில்லை? உள்ளே என்ன சண்டை?

சண்டை ஒன்றும் இல்லை. 2014 செப்டெம்பரில் விலகும்போது அவரே அறிக்கையில் அதைச் சொல்லிவிட்டார்: யாரோடும் மனஸ்தாபம் இல்லை, இதை இனிமேல் செய்ய விருப்பமில்லை, அது தன்னுடைய முடிவு என்று. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் இங்கே பலர் "காசுத் தகராறாக இருக்கும்", "ஓரங்கட்டியிருப்பார்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா போக மனம் வரவில்லை. என்னையும் இலங்கை மலையகத்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் இன்றுவரை இதைத்தான் கேட்கிறார்கள்.

நானும் ஓர் இசைக்குழுவில் ஆடியவன். 1998 தொடக்கம் 2009 வரை, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பையன்கள் ஐந்து பேர், ஒரு கீபோர்ட், ஒரு ட்ரம் செட், வாடகை வான். கோயில் திருவிழா, கல்யாண வீடு, மே தினம் என்று பொகவந்தலாவையிலிருந்து தலவாக்கலை வரை போகாத தோட்டம் குறைவு. பாடுவது வேறொருவர். நான் ஆட்டம், கோரஸ். உலகம் சுற்றிய ஆளோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். குழுவில் நான் நின்ற இடமும் அவர் நின்ற இடமும் ஒன்று, அதை மட்டும்தான் சொல்கிறேன்.

1990இல் மன்செஸ்டரில் அந்தக் குழு உருவானபோது பாட்டு எழுதவும் பாடவும் கரி பார்லோ இருந்தார். ஜேசன் பெயின்ட் அடிக்கும் வேலை செய்துகொண்டே பிரேக் டான்ஸ் ஆடியவர். ஆட்டம்தான் அவரை உள்ளே கொண்டு வந்தது. தோட்டத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். பாட்டுக் குழுவில் ஆடுகிறவனுக்கு எப்போதுமே அரைப்பேர்தான். எங்கள் நோட்டீசில் பாடகரின் படம் பெரிதாக இருக்கும், என் பெயரை "மற்றும் குழுவினர்" என்பதற்குள் தேட வேண்டும். ஜேசன் தனியாக முன்னின்று பாடிய பாட்டு என்று நான் தேடிப் பிடித்துக் கேட்டது 2006 அல்பத்தில் வரும் 'வுடன் போட்'. அமைதியான பாட்டு. கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. 1995இல் குழுவில் இருந்த ரொபி வில்லியம்ஸ் விலகிப் போனார், 1996 பெப்ரவரி 13 அன்று குழுவே கலைந்தது. அழுத பிள்ளைகளுக்காக இங்கிலாந்தில் தொலைபேசி உதவி எண்கள் திறக்க வேண்டியிருந்தது. ஜேசன் என்ன செய்தார்? 1998இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார், ஊர் சுற்றினார், அப்புறம் கல்லூரியில் சேர்ந்து உளவியல் படித்தார். கிட்டத்தட்ட பத்து வருசம். மேடை இல்லாமல் வாழ முடியும் என்று அவருக்கு அப்போதே தெரியும். 2006இல் திரும்பி வந்தார்கள். 2011இல் ரொபியும் சேர்ந்து வெம்ப்ளி அரங்கில் மட்டும் 8 இரவுகள். 2012இல் லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் பாடினார்கள். அந்தக் குழுவோடு நான் அவரைப் பார்த்த கடைசி மேடை அதுதான்.

"கையில் காசு இருந்தது, விட்டார், உனக்கென்ன?" என்பீர்கள். காசு இருந்தால் விடுவது லேசு, அது உண்மை. ஆனால் அவர் போனபின் குழுவில் மிஞ்சிய மூவரிடமும் காசு இருந்தது, அவர்கள் இன்னும் பாடுகிறார்கள். அப்படியானால் காசு மட்டும் காரணமாக முடியாது.

என் கடைசி இரவைச் சொல்கிறேன். 2009 சித்திரை, ஒரு தோட்டத்துத் தேர்த் திருவிழா. தார் பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கிய மேடை. சாயந்திரம் மழை பெய்ததால் பலகைமேல் கொழுந்துச் சாக்கு விரித்திருந்தார்கள். ஒரு பலகைக்கும் மற்றதற்கும் இடையே மூன்று விரல் சந்து, அதற்குள் குதி மாட்டாமல் ஆட வேண்டும். பாட்டு தொடங்கியது. பதினொரு வருசம் ஆடிய பாட்டு, கால் தானாகப் போனது. நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அடுத்த நாள் கொடுக்க வேண்டிய ரவிக்கை இரண்டுக்கு கொக்கி வாங்கவில்லையே என்று. அப்போதே டவுனில் தையல் கடை போட்டிருந்தேன். முன்வரிசையில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், நான் கொக்கியை நினைக்கிறேன். அந்தப் பிள்ளைகளை ஏமாற்றுவதுபோல இருந்தது. ஆட்டத்தில் பிழை வரவில்லை, யாருக்கும் தெரியவுமில்லை. வானில் ஏறியதும் சொல்லிவிட்டேன். என் ஜிகினாச் சட்டையைக் கோரஸ் பாடிய தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கடைக்கு வரவைத்து, இடது பக்கச் சுற்றைச் சொல்லிக் கொடுத்தேன். இதில் சண்டை எங்கே இருக்கிறது?

எங்கள் தோட்டத்தில் மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். மன்மதன் வேஷம் கட்டியவன் கூத்து முடிந்த மறுநாள் காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய் நிற்பான். சில வருசம் கழித்து வேறொருவன் வேஷம் கட்டுவான். "நீ ஏன் விட்டாய், யாரோடு கோபம்?" என்று அவனை யாரும் கேட்டதில்லை. பேண்ட், ஸ்டார் என்று வந்துவிட்டால் மட்டும் ஏன் விசாரிக்கிறோம்?

வேண்டுமானால் எனக்கு உண்மையில் கோபம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். 2004இல் கொழும்பிலிருந்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு எங்களைக் கூப்பிட்டுக் கடிதம் போட்டிருந்தார்கள். எங்களுக்குத் தெரு கிடையாது, வீட்டு எண் கிடையாது, எல்லாருடைய தபாலும் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அது மேசையில் கிடந்து என் கைக்கு வந்தபோது நிகழ்ச்சி முடிந்து ஒன்பது நாள். வேலைக்கான நேர்முகக் கடிதத்தை இப்படி இழந்த பிள்ளைகள் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இருக்கிறார்கள். 1823இல் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு இந்த மலைக்கு வந்த சனம், 200 வருசம் தாண்டிவிட்டது, இன்னும் தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். ஆனால் "ஏன் பெரிய ஆளாக வரவில்லை" என்று கேட்கிறவர்கள் இதையும் கேட்க வேண்டும்.

கேள்வி கேட்ட தம்பி, நீங்களும் ஏதோ ஒன்றிலிருந்து விலக யோசிக்கிறீர்கள் என்று படுகிறது. காரணம் கேட்டு உங்களையும் துளைப்பார்கள். சொல்ல ஒரு சண்டை இல்லையே என்பதற்காக ஒன்றை உண்டாக்கிச் சொல்லாதீர்கள், கூட இருந்தவர்களுக்கு அது வலிக்கும். ஜேசன் அதைச் செய்யவில்லை. அதனால்தான் எனக்கு அவர்மேல் இவ்வளவு மரியாதை.

நான் சட்டை கொடுத்த அந்தக் கோரஸ் தம்பி இன்னும் ஆடுகிறான். போன மாதம் அதே சட்டையைக் கொண்டுவந்து, இடுப்பில் இரண்டு விரல் விட்டுத் தரச் சொன்னான். தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.