கேள்வி உங்களுடையது, எரிச்சல் என்னுடையது

காரைக்குடியிலிருந்து வாசகர் கேள்வி பதில்

அண்மையில் சென்ற ஒரு திருமணத்தில் மொய் எழுதுபவரைக் காணவில்லை. மேசை மீது க்யூஆர் அட்டை மட்டும் நின்றது. இது முன்னேற்றமா, மரியாதைக் குறைவா? (வாசகி, தேவகோட்டை)

மரியாதை பற்றிய வழக்கைப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். எனக்குக் கணக்கைப் பற்றித்தான் கவலை. அந்த அட்டை மீது எனக்குப் பகை கிடையாது. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தார் மோட்டார் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தை, ஏறத்தாழ 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்க முடிகிறவாறு அச்சிடலாம். ஆகையால் சந்தனக் கை பட்டாலும், பன்னீர் தெளித்தாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். 2016-இல் யுபிஐ வந்த பிறகு உறை தேடுவதும், ஒரு ரூபாய் நாணயத்துக்கு அலைவதும் ஒழிந்தன. அதுவரைக்கும் சரி.

ஆனால் மொய் என்பது கொடுத்ததோடு முடிகிற காரியமா? இன்றைக்கு நமக்கு வந்தது நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் மொய்நோட்டில் ஊர், விலாசம், இன்னார் மகன் இன்னார் என்று எழுதினார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளில் மொய்ப்பண ஏடு திருமணச் சடங்கின் ஓர் அங்கமாகவே இருப்பதும் இதனால்தான் என்பது என் கருத்து. எங்கள் உறவில் நடந்த ஒரு திருமணத்துக்குப் பின், வங்கிக் கணக்கு விவரத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாலைப்பொழுதுகள் உட்கார்ந்தோம். ஊர் இல்லை, தகப்பனார் பெயர் இல்லை. சிலர் கடைப் பெயரில் அனுப்பியிருந்தார்கள், சிலர் மகனுடைய கைப்பேசியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒரே பெயருடையவர்கள் நால்வர். எவ்வளவு தேடியும் பதினொரு தொகைகளுக்கு இன்றுவரை ஆள் தெரியவில்லை. அந்தப் பதினொரு குடும்பத்தாரும் தங்கள் வீட்டு விசேஷத்தன்று எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை எண்ணினால் எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இன்னொரு வீட்டில் கடைகளில் வைக்கும் சவுண்ட் பாக்ஸையே மொய்மேசையில் வைத்துவிட்டார்கள். அது ஒவ்வொரு தொகையையும் பந்தலுக்கே கேட்கும்படி அறிவித்தது. இருநூறு ரூபாய் செய்த ஒரு பெரியவர் தலை குனிந்து நடந்ததை நான் பார்த்தேன்.

வழி மிக எளிது. அட்டை இருக்கட்டும், அதன் பக்கத்தில் நோட்டோடு ஒருவர் உட்காரட்டும். பணம் செலுத்தியவர் திரையைக் காட்டி, ஊரையும் பெயரையும் சொல்லிவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு போகலாம்.

மகள் திருமணத்துக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினேன். ஒரு செய்திக்கு மூன்று செய்திக்கான கட்டணம் பிடித்துக்கொண்டார்கள். தமிழுக்கு அபராதமா? (வாசகர், பள்ளத்தூர்)

அபராதம் என்று சட்டத்தில் இல்லை, நடைமுறையில் அதுவேதான். குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட்டுகள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்று வகுத்ததால் அதில் 160 எழுத்துகள் அடங்குகின்றன. தமிழுக்கு ஒவ்வோர் இடமும் 16 பிட் எடுத்துக்கொள்வதால் 70 மட்டுமே அடங்கும். செய்தி நீண்டு துண்டுகளாகப் பிரிந்தால், துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்பும் சேர்ந்து ஒரு துண்டுக்கு 67 ஆகக் குறையும்.

இதோடு போயிற்றா என்றால், இல்லை. கணினிகளும் கைப்பேசிகளும் எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் ‘க’ ஓர் இடம். ‘கா’ என்றால் கவுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரண்டு இடம். ‘க்’ என்றால் புள்ளிக்குத் தனியாக ஓர் இடம். நம் இலக்கணத்தில் புள்ளி பெற்ற மெய்யின் மேல் உயிர் ஏறுகிறது. கணினியிலோ அகரம் ஏறிய எழுத்தே அடிப்படை, மெய் வேண்டுமானால் கூடுதலாகப் புள்ளி வாங்க வேண்டும். ‘காரைக்குடி’ என்று எழுதிப் பாருங்கள். நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. கைப்பேசி எண்ணினால் பத்து. இடைவெளி விடாமல் ஏழு முறை காரைக்குடி என்று எழுதினால் ஒரு குறுஞ்செய்தி தீர்ந்துவிடும். முகூர்த்த நேரத்துக்கோ மண்டபத்தின் பெயருக்கோ இடம் இருக்காது.

எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தருகிற டேஸ் 16 என்னும் முறையைத் தமிழக அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது உண்மைதான். கைப்பேசிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இதில் உறுத்துவது கட்டணம்கூட அல்ல. 70, 67 என்கிற இந்தக் கணக்கை அனுப்புவதற்கு முன் திரையில் காட்டாமல், பணம் பிடித்த பிறகு ‘விதிமுறைப்படி’ என்கிறார்களே, அதுதான். எடை போடுவதற்கு முன் தராசைக் காட்டாத கடையில் நம் ஆச்சிமார்கள் புளிகூட வாங்கியதில்லை.

உங்கள் பதில்களைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது என்று என் மகன் சொல்கிறான். உண்மையா? (வாசகர், புதுவயல்)

தம்பியின் சந்தேகம் நியாயமானது, ஆனால் தவறானது. சோதித்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கேட்டபோது, அதைச் சூளையில் வைத்துச் சுடுவார்கள் என்று கூசாமல் சொன்னது. கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிற கல் அது. நெருப்பே அதன் பக்கம் போகாது. தவறைச் சுட்டிக்காட்டியவுடன் எங்கள் ஊர் மாப்பிள்ளைகளைவிடப் பணிவாக மன்னிப்புக் கேட்டது. மறுநாள் கேட்டேன், மறுபடியும் சூளையில் வைத்தது.

காவல்துறை உடையில் ஒருவர் வீடியோ அழைப்பில் வந்து, ‘உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்’ என்று என் பெரியம்மாவை நான்கு மணி நேரம் திரைக்கு முன் உட்கார வைத்துவிட்டார். பணம் போகவில்லை, ஆனால் அவர் இன்னும் நடுங்குகிறார். என்ன சொல்லித் தேற்றுவது? (வாசகி, கானாடுகாத்தான்)

முதலில் அவரைக் குறை சொல்லாதீர்கள். ‘படித்த நீங்களே இப்படியா ஆச்சி’ என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியே அடுத்த முறை அவர் வாயைத் திறக்காமல் அடைத்துவிடும். மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான்.

டிஜிட்டல் கைது என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. எந்தக் காவல் அதிகாரியும் கேமராவுக்கு முன் உட்கார வைத்து ஒருவரைக் கைது செய்ய இயலாது. விசாரணைக்காகப் பணத்தை வேறொரு கணக்குக்கு மாற்றச் சொல்லவும் முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்க நேர்ந்தது என்றால், நாடெங்கும் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கும் என்று பாருங்கள்.

நம் பக்கத்துக்கு இந்த வலை ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. முகப்பிலிருந்து பின்கட்டு வரை நடந்தால் மூச்சு வாங்கும் வீடு. அதில் வயதான இருவர், சில வீடுகளில் ஒருவரே. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பார்சல் போவதும் வருவதும் அன்றாடம். ஆகவே ‘உங்கள் பார்சல்’ என்றதும் அவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றுவதில்லை, பலகாரம் அனுப்பிய நினைவுதான் வருகிறது. வீட்டின் உள்முற்றமான வளவில் முன்போல் நான்கு பேர் இருந்திருந்தால், இரண்டாவது நிமிடத்திலேயே யாராவது ஒருவர், ‘யாரப்பா நீ, எந்த ஸ்டேஷன்?’ என்று கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வியைத்தான் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுங்கள். ‘இணைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் நிலைய எண்ணை நானே தேடிக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லச் சொல்லுங்கள். உண்மையான அதிகாரிக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே சொல்ல வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே தகவல் கிடைத்தால்தான் வங்கிகளால் அதை நிறுத்திவைக்க முடியும். போகாவிட்டாலும் புகாரைப் பதிவுசெய்யுங்கள். எண்களைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு மேலே, சாமி படத்துக்கு அருகில் ஒட்டிவையுங்கள்.

‘செட்டிநாட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது, பகிருங்கள்’ என்று எங்கள் குடும்பக் குழுவில் வந்திருக்கிறது. பகிரலாமா? (வாசகி, ஆத்தங்குடி)

வேண்டாம். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியா பிற்பாடு முன்மொழிய எண்ணும் இடங்களின் பட்டியல் அது. பெண் பார்த்துவிட்டுப் போனதைத் திருமணம் முடிந்ததாக அறிவிக்கலாகாது. உங்களுக்கு வந்த செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்ததா என்று பாருங்கள். பலமுறை கைமாறியது என்பதன் அடையாளம் அது. அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020-இல் வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. நம்மவர்கள் அசரவில்லை, ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள்.

அதே குழுவில் அதே வாரம், இடிக்கப்பட்ட வீடொன்றின் தேக்குத் தூண்கள் முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கும் படத்தை ஒருவர் அனுப்பியிருந்தார். அதை யாரும் பகிர்ந்ததாகத் தெரியவில்லை.

தொலைக்காட்சியில் நாள் முழுவதும் ‘ரெட் அலர்ட்’ என்று அலறினார்கள். இங்கே தூறல்கூட இல்லை. வானிலைத் துறை சொல்வதை நம்பலாமா? (வாசகர், திருப்பத்தூர்)

வானிலைத் துறையை நம்பலாம். அதை வாசிக்கும் குரலைத்தான் நம்பக் கூடாது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் பெய்தால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. சிவப்பு என்பது ‘நடவடிக்கையில் இறங்குக’ என்று நிர்வாகத்துக்குச் சொல்லும் நிறம். ஆரஞ்சு ‘ஆயத்தமாக இருங்கள்’. மஞ்சள் ‘கவனமாக இருங்கள்’. மாவட்டத்தில் எங்கோ அதற்கான வாய்ப்பு இருக்கிறது என்பது பொருளே தவிர, உங்கள் தெருவில் ஊற்றும் என்ற வாக்குறுதி அதில் இல்லை. தொலைக்காட்சி செய்வது என்னவென்றால், சென்னைச் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைக் காட்டிக்கொண்டே சிவகங்கை மாவட்டத்தின் பெயரை வாசிப்பது. மறுநாள் காலை 8.30 மணிக்கு மழைமானி என்ன சொன்னது என்பதை எந்தச் செய்தியாளரும் வந்து ஒப்பிட்டுச் சொன்னதில்லை. முதல் நாள் வரவு எழுதியவர் மறுநாள் பேரேட்டைத் திறக்காமலே இருந்தால், அவரை எந்தக் கடையின் பெட்டியடியில் வைத்திருப்பார்கள்?

நீங்களே அளந்துகொள்ளலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். 1000 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு செட்டிநாட்டு வீட்டுக்கு அது 10,000 லிட்டர். வளவில் அண்டா வைத்துப் பிடித்தவர்களுக்கு நிறம் தேவைப்படவில்லை.

வங்கியில் புகார் சொன்னால், எண் 9-ஐ அழுத்தச் சொல்கிறார்கள். ஒன்பதை அழுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து. (வாசகர், கோட்டையூர்)

இது கேள்வியே அல்ல, புலம்பல். ஆனாலும் அனுதாபத்தோடு வெளியிடுகிறேன். கிளைக்கு நேரில் போய் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதிலில் நிறைவு இல்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. அந்த எண்ணிலும் முதலில் பேசுவது பதிவுசெய்த குரல்தான், மன்னிக்கவும்.

எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது தொழில் நடத்திய காலத்துப் பேரேடுகளும் கடிதங்களும் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. ஸ்கேன் செய்துவிட்டால் போதும், காகிதத்தை அகற்றிவிடலாம் என்கிறான் பேரன். உங்கள் கருத்து? (வாசகர், கோட்டையூர்)

அதே கோட்டையூரிலிருந்தா இந்தக் கேள்வி! ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் புத்தகமும், துண்டறிக்கையும், அழைப்பிதழும் சேர்த்துவைத்தது உங்கள் ஊரில்தானே? 1992-இல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்கே அவற்றை மைக்ரோபிலிமில் படமெடுத்தார்கள். சரியாகப் பாதுகாத்தால் பல நூறாண்டு தாங்கக்கூடியது என்பதோடு, படிப்பதற்கு ஒரு விளக்கும் ஓர் உருப்பெருக்கியும் போதும் என்பது அதன் பெருமை. என்னிடம் இருபது ஆண்டுக்கு முந்தைய குறுவட்டுகள் சில இருக்கின்றன. அவற்றைச் செருகுவதற்கு வீட்டில் ஒரு பொந்துகூட இல்லை.

ஆகவே ஸ்கேன் செய்யுங்கள், மூன்று படிகள் எடுங்கள், ஒன்றை வெளியூரில் வையுங்கள். காகிதத்தை மட்டும் அகற்றாதீர்கள். காரணம் பாசம் அல்ல. அந்தப் பேரேட்டில் தொகைகள் தமிழ் எண்களில் இருக்கும். ரூபாய்க்குக் கீழே மா, காணி, முந்திரி என்று பின்னங்கள் போகும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. இந்தக் குறிகளுக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2019-இல்தான். என் கைப்பேசி இன்றும் அவற்றை வெற்றுக் கட்டமாகத்தான் காட்டுகிறது. மங்கலாக எடுத்த படத்தில் காணிக்கும் முந்திரிக்கும் வேறுபாடு தெரியாவிட்டால், சந்தேகம் தீர்க்க மூலக் காகிதம் வேண்டும்.

அதைவிட அவசரமானது, இவற்றை வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பேரன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்வது. உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால், பெட்டியைத் திறக்கிற நாளன்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன். மதியச் சாப்பாடு உங்கள் வீட்டில்.