போடோனி அழகுதான், ஆனால் 7 பாயிண்டில் வேண்டாம்

கேள்வி: போடோனி, டிடோ மாதிரி தடித்த கோடும் மெல்லிய கோடும் கலந்த எழுத்துருவைக் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்துக்குப் போடலாமா?

நாளைக் காலை பிரஸ்ஸுக்கு ஃபைல் கொடுக்கவேண்டிய நிலையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் இப்போதே அசல் அளவில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து மயங்காதீர்கள். நான் மயங்கியவன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை. மாப்பிள்ளை பெயர் ஹரிஹரன். மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து, ரிவர்ஸ் என்போமே, அது. 40 பாயிண்டில் தலைப்பு ஃபேஷன் பத்திரிகை அட்டை மாதிரி ஜொலித்தது. அந்த மிதப்பில் உள்ளே இருந்த பெயர், முகவரி எல்லாவற்றையும் அதே போடோனியில் 7 பாயிண்டுக்கு, அதாவது பொடி எழுத்துக்கு, இறக்கிவிட்டேன். மெரூன் நாலு கலரும் சேர்ந்து வருவது. ரிஜிஸ்டர், அதாவது நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருவது, துளி விலகியதும் மெல்லிய கோடுகளை மை விழுங்கிவிட்டது. போடோனியில் பெரிய 'எச்' (H) எழுத்தின் குறுக்குக்கோடு தலைமுடி மாதிரி. அது போனால் ஒரு எச், இரண்டு ஐ ஆகிவிடும். ஹரிஹரனில் இரண்டு எச். பெண்ணின் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தம்பி, மாப்பிள்ளை பேரு எங்கப்பா?" என்றார். 500 பத்திரிகை!

தப்பு போடோனி மேல் இல்லை. போடோனி என்பது அந்த எழுத்தை உருவாக்கியவரின் பெயர்; 1768-லிருந்து இத்தாலியில் பார்மா டியூக்கின் அச்சகத்தை நடத்தியவர் அவர். ஈய எழுத்துக் காலம். ஒவ்வொரு அளவுக்கும் தனியாக எழுத்து வெட்டியாக வேண்டும். சின்ன அளவில் மெல்லிய கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக வைத்துக்கொள்ளலாம். நாம் ஒரே ஃபைலைச் சுருக்குகிறோம், கோடும் கூடவே சுருங்குகிறது. 1994-ல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் கொண்டுவந்த ஐடிசி போடோனியில் இதற்காகவே 6, 12, 72 பாயிண்ட் என்று மூன்று அளவுக்குத் தனித்தனி வடிவம் உண்டு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

ஆகவே மணமக்கள் பெயர், தேதி, தலைப்பு இவற்றுக்குத் தாராளமாகப் போடுங்கள். வழவழப்பான வெள்ளைத் தாள், ஒரே கலர் மை என்றால் எண்கள்கூட நகை மாதிரி நிற்கும். சொரசொரப்பான தாளில் வேண்டாம். முகவரிக்குக் கோடு தடித்த வேறு எழுத்துரு பாருங்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று பிளேஃபேர் டிஸ்ப்ளே எழுத்துருவை அங்கே கொண்டுபோகாதீர்கள், பெயரிலேயே டிஸ்ப்ளே இருக்கிறது, தலைப்பு மாதிரி பெரிய அளவுக்கு என்று அர்த்தம்.

போடோனி வேறு, பாரிஸ் டிடோ வேறு என்று யாராவது வருவீர்கள். தெரியும் சார். மை அடைப்பதில் இரண்டும் ஒன்றுதான். நல்ல பிரஸ்ஸில் 7 பாயிண்ட் ரிவர்ஸும் வரும் என்பவர்களுக்கு: வரும், அந்த பிரஸ் ரேட்டை வாடிக்கையாளர் கொடுத்தால்.

கொடுக்க மாட்டார்கள். டிசைனுக்குக் காசு கேட்டாலே "பிரிண்டிங்கோட ஃப்ரீதானே?" என்பார்கள். ப்ரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம், அதுதான் ஒப்புதல். அந்த 500-ஐயும் என் கைக்காசில் திருப்பி அடித்தேன். அப்போதும் பெண்ணின் சித்தப்பா, "அப்படியே இன்னும் ரெண்டு ஃபாண்ட் மாத்திக் காட்டு தம்பி" என்றார்.